உதறித் துவைப்பவர்

"வேலைன்னா நீ எதைக் கேக்குற? செய்யுறதையா, சம்பளம் வாங்குறதையா?"

"செய்யுறதைத்தான்க்கா."

"அப்ப நல்லா சாஞ்சு உக்காரு. சொல்லி முடிக்கப் பொழுது சாஞ்சிடும்."

"அவகிட்ட என்னம்மா வேலையைக் கேட்டுக்கிட்டு? வீட்டுல சும்மாதான் இருக்கா," என்று உள்ளறையிலிருந்து அவள் கணவர் குரல் கொடுத்தார்.

"கேட்டுக்க. சும்மா இருக்கேனாம்." அந்த அக்கா என் பக்கம் குனிந்து திரையை எட்டிப் பார்த்தாள். "சும்மா இருக்கிறவங்களுக்குன்னு இதுல ஒரு இடம் வெச்சிருக்கீங்களா?"

வைத்திருந்தோம். என் மடியில் இருந்த டேப்லெட்டில், பட்டியலின் அடியில், 'இல்லத்தரசி / வேலை செய்யாதவர்' என்று இரண்டையும் ஒரே கட்டத்துக்குள் போட்டிருந்தது.

அது கல் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் குடியிருப்பு. பட்டறையில் சமையலறை மேடைகளுக்கும் ஓட்டல் கவுண்டர்களுக்கும் கல் பலகைகளை அறுத்து மெருகேற்றுகிறார்கள். அப்போது பறக்கும் கல் தூள் தொழிலாளர்களின் நெஞ்சில் போய்த் தங்குகிறதா என்று பார்க்கத்தான் இந்தக் கணக்கெடுப்பு. நான் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கிறவள், மூன்று மாத ஒப்பந்தத்தில். பதில்களைப் பொறுத்து டேப்லெட் சிலருக்கு ஓர் எண்ணைத் தரும். அந்த எண்ணோடு போனால் எக்ஸ்ரே வண்டியில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்ப்பார்கள். எண் இல்லாதவர் வண்டியில் ஏற முடியாது. வண்டி மறுநாள் மதியம் கிளம்புவதாக இருந்தது.

அக்காவின் கணவருக்கு முதலிலேயே கேட்டு முடித்திருந்தேன். பட்டறையில் அவரைக் 'கண்ணாடி' என்று கூப்பிடுவார்களாம். அவர் மெருகேற்றிய கல்லில் முகம் பார்த்துத் தலை வாரலாம் என்பதால். அவருக்குப் பட்டியலில் 'மெருகேற்றுபவர்' என்று கச்சிதமாகப் பொருந்தும் வரி இருந்தது. அதைத் தொட்டதும் கேள்விகள் வாய்க்காலில் தண்ணீர் வருவது போல வந்தன. தூசி எவ்வளவு, முகமூடி உண்டா, இருமல் உண்டா, சளியில் நிறம் உண்டா. கடைசியில் எண்ணும் வந்தது. சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அதைச் சட்டைப் பையில் வைத்துத் தட்டிப் பார்த்துக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

இப்போது அக்காவின் முறை. பட்டியலில் மேலிருந்து கீழே விரலை ஓட்டினேன். மேலாளர், இணை மேலாளர், துணை மேலாளர், உதவி மேலாளர், பொறுப்பு மேலாளர். அப்புறம்தான் அறுப்பவர், மெருகேற்றுபவர், ஏற்றி இறக்குபவர், கிரேன் ஓட்டுநர், காவலர். மேலாளர்களை மட்டும் இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்தவர் யாராக இருக்கும் என்று நான் தினமும் யோசிப்பேன். நல்ல வெளிச்சமான ஓர் அறையில், சாய்வு நாற்காலியில் இருந்தபடி, தன் அறையின் கதவுக்கு வெளியே நடந்துபோன முகங்களை ஒவ்வொன்றாக நினைவுபடுத்தி எழுதியிருப்பார் என்று தோன்றும்.

வேறு வழியில்லாமல் அடிக்கட்டத்தைத் தொட்டேன். 'பேட்டி முடிந்தது. நேரம் ஒதுக்கியதற்கு நன்றி.'

"அவ்வளவுதானா?" என்றாள் அக்கா. "அவருக்கு அரை மணி நேரம் கேட்ட. எனக்கு ஒரு இருமல்கூடக் கேக்கலையே."

அப்போது அவளுக்கு இருமல் வந்தது. கனமான நாற்காலியைத் தரையில் இழுப்பது போன்ற சத்தம். தோளில் கிடந்த துண்டை வாயில் அழுத்திக்கொண்டு சுவரைப் பிடித்தாள். அடங்கியதும் ஒன்றும் நடக்காதது போலத் துண்டை மடித்து, மடிப்பை உள்பக்கமாகத் திருப்பிக்கொண்டாள்.

நான் பின்வாங்கும் அம்புக்குறியைத் தொட்டுப் பட்டியலுக்குத் திரும்பினேன்.

"எத்தனை நாளா இப்படி?"

"அதெல்லாம் கேக்கணும்னு உன் பெட்டியில இல்லையே?"

"நான் கேக்குறேன்க்கா."

அவள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள். அறையின் மூலையில் நீல நிறச் சீருடைகள் ஒரு மூட்டையாகக் கிடந்தன. நீலம் என்று முழங்காலுக்கு மேலேதான் சொல்ல முடியும். மற்ற இடமெல்லாம் மாவு பூசியது போல வெளுத்திருந்தது. ஒருவருடைய துணிக்கு அது அதிகம்.

"இவ்வளவும் அண்ணனோடதா?"

"ஐய, இவரு என்ன ராஜாவா? மேல் மாடியில தனியா தங்கியிருக்கிற பசங்களோடது பாதி. எதிர்வீட்டுக்காரரோடது கொஞ்சம். திங்கக்கிழமை காலையில பட்டறை வாசல்ல நின்னு காலர்ல விரலை வெச்சுத் தேய்ச்சுப் பாப்பானுங்க. விரல்ல வெள்ளை ஒட்டுச்சுன்னா ஆளைத் திருப்பி அனுப்பிடுவாங்க. கல்லு வாங்குறவங்க வந்து போற இடமாம், அழுக்கா நிக்கக் கூடாதாம்."

"பட்டறையிலயே துவைக்க மாட்டாங்களா?"

"சோப்பு தர்றாங்களே! ஆளுக்கு மாசம் ஒரு கட்டி. அதோட அவங்க கடமை முடிஞ்சுது. பசங்க அதைக் கொண்டாந்து என்கிட்ட குடுத்துடுவாங்க. அந்த அலமாரியைத் திறந்து பாரு, நான் கடையே போடலாம்."

உள்ளேயிருந்து கண்ணாடி அண்ணன் சிரித்தார். "மாமனார் வீட்டுச் சீரு மாதிரி அடுக்கி வெச்சிருக்கா."

"எப்படித் துவைப்பீங்க?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. பட்டியலைப் பார்க்காமல் ஒரு கேள்வியாவது கேட்கத் தோன்றியது.

"கல்யாணமான புதுசுல எல்லாரையும் மாதிரி நேரா தண்ணியில போட்டேன். தூளு கரைஞ்சு போயிடும்னு நினைச்சேன். எங்க கரையுது? போற வழியெல்லாம் படிஞ்சு இறுகிடுச்சு. ஒரு நாளு கீழ்வீட்டுக்குள்ள தண்ணி ஏறி, வீட்டு ஓனர் கத்தி, குழாயை உடைச்சுப் பாத்தா, உள்ள குழாய் அளவுக்கே ஒரு கல்லு. உருவி எடுத்துக் கையில குடுத்தாரு. 'இனிமே இந்தத் தூளு ஒரு பொட்டு தண்ணியில விழுந்தாலும் காலி பண்ணிடு'ன்னாரு. அதுலேர்ந்து முதல்ல உலர்த்தி உதறிடுவேன். பின்பக்கம் பால்கனியில நின்னு, ஒவ்வொண்ணா, வெள்ளை பறக்குறது நிக்குற வரைக்கும். அப்புறம்தான் தண்ணி. இந்தக் கட்டடத்துல எல்லா பொம்பளைங்களும் அப்படித்தான். புதுசா குடிவர்றவளுக்கு நான்தான் சொல்லிக் குடுப்பேன்."

"மூக்குல துணி கட்டிக்குவீங்களா?"

"மூஞ்சியைத் திருப்பிக்குவேன். காத்து அடிக்கிற பக்கம் பாத்துத் திரும்பணும், இல்லன்னா கண்ணுல விழும்."

"உள்ள வரும்போது பாக்கணும் நீ," என்றார் அண்ணன். "புருவம்கூட வெள்ளையா இருக்கும். உனக்குப் பவுடர் செலவு மிச்சம்னு சொல்லுவேன்."

அக்கா சிரித்தாள். நானும் சிரித்திருப்பேன், டேப்லெட்டில் அவருக்கு நான் போட்ட பதில்கள் நினைவில் இல்லாமல் இருந்திருந்தால். வேலையின்போது முகமூடி: ஆம். தண்ணீர் தெளித்து அறுக்கும் இயந்திரம்: ஆம். தூசி உறிஞ்சும் விசிறி: ஆம். பட்டறையில் அவருக்குக் கிடைத்த எதுவும் இந்தப் பால்கனியில் இல்லை.

பட்டியலை மறுபடி மேலிருந்து பார்த்தோம். அவளும் என்னோடு சேர்ந்து படித்தாள்.

"கிரேன் ஓட்டுநர்னு போட்டுடு. இவரைக் கட்டி ஓட்டுறேனே, அது போதாதா?"

"ஏற்றி இறக்குபவர்?"

"தண்ணிக் குடத்தைத்தான்."

கடைசியில் 'மற்றவை: குறிப்பிடவும்' என்ற வரி இருந்தது. அதைத் தொட்டதும் சின்னதாக ஒரு வெள்ளை இடம் திறந்தது. சற்று யோசித்து, 'உதறித் துவைப்பவர்' என்று எழுதினேன்.

"துவைப்பவர்னா போட்ட?" என்றாள் அக்கா. "நல்லா மரியாதையாத்தான் இருக்கு."

'அடுத்து' என்பதைத் தொட்டேன். 'பேட்டி முடிந்தது. நேரம் ஒதுக்கியதற்கு நன்றி.'

அவள் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அண்ணன் தேநீருக்குப் பால் வாங்கக் கீழே இறங்கிப் போனார். அவர் காலடிச் சத்தம் தேய்ந்த பிறகுதான் அவள் பேசினாள்.

"எனக்கு எண்ணு வரலையா?"

"வரலைக்கா."

"நீ போட்டது தப்பா?"

"தப்பில்ல. அந்தப் பட்டியல்ல இருக்கிற வேலைக்கு மட்டும்தான் மேல கேக்கும்."

"எதிர்வீட்டுல ஒரு அக்கா இருந்தா," என்றாள். "என்னைவிடக் கொஞ்சம் மூத்தவ. படியேறும்போது நடுவுல உக்காந்துக்குவா. கேட்டா வெயிலுன்னு சொல்லுவா. இப்ப அந்த வீட்டுல அவ புருஷன் மட்டும்தான். அதான் அவரு துணியும் இங்க வருது." துண்டின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டாள். "இப்ப நானும் ரெண்டாவது மாடியில உக்காருறேன். இவருக்குத் தெரியாது. டாக்டர்கிட்ட போனா டானிக் எழுதிக் குடுக்குறாரு, குடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். எனக்கு வைத்தியம்கூட அப்புறம். உள்ள அதுதான் இருக்கா, இல்லையான்னு தெரியணும். தெரியாம ராத்திரி படுக்க முடியல."

நான் எழுந்தேன். கேட்டுவிட்டு வருகிறேன் என்றேன். பால் வாங்கப் போனவரைப் படியில் கடந்தபோது, தேநீர் குடிக்காமல் போகிறேனே என்று அவர் கோபித்துக்கொண்டார்.

எங்கள் முகாம், மூடிப்போன ஒரு தபால் நிலையத்தில் நடந்தது. கடிதங்களைத் தெருவாரியாகப் பிரித்துப்போடும் மர அறைகள் இன்னும் சுவரில் இருந்தன. ஒவ்வோர் அறையின் நெற்றியிலும் ஒரு தெருவின் பெயர். எந்தத் தெருவிலும் சேராத கடிதங்களுக்காகப் பெயரில்லாமல் ஒன்று. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்து எனக்கு அந்த அறைமீது கண். அதில் கை விட்டால் யாருடைய வாழ்க்கையாவது கிடைக்கும் என்று நினைத்தேன். மேற்பார்வையாளர் அதில் பழைய பேனாக்களைப் போட்டு வைத்திருந்தார்.

"மற்றவையில எழுதிட்டியே, பிறகென்ன?" என்றார். முத்திரை குத்தும் ஜன்னலுக்குப் பின்னால் அவருடைய மேசை. வெயிலில் அலைந்து வருபவர்களுக்கு எப்போதும் தண்ணீர் நிரப்பி வைத்திருப்பவர். கெட்ட மனிதர் இல்லை.

"எழுதினா எண் வரல சார்."

"வராது. மற்றவையில எழுதுறது எல்லாம் தலைமை அலுவலகம் போகும். அங்க ஒருத்தர் உக்காந்து அதுக்கெல்லாம் குறியீடு போடுவார்."

"என்ன குறியீடு போடுவார்?"

அவர் பக்கத்துக் கணினியைத் தட்டிப் பார்த்தார். போன சுற்றில் வந்த 'மற்றவை'கள் திரையில் இறங்கின. தேநீர் கொண்டு தருபவர். கல் உடைசல் பொறுக்குபவர். அறுப்பவருடன் தங்கியிருக்கும் அண்ணன். துணி உதறுபவர். துணி உதறுபவர். வீட்டில் துணி உதறல். எழுதியவர்கள் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு ஊர்களில். எல்லாவற்றுக்கும் நேரே ஒரே குறியீடு இருந்தது. 'தொடர்பற்றவை'.

"சார், இத்தனை பேர் ஒரே வார்த்தையை எழுதியிருக்காங்க."

"பாத்தேன்மா."

"அப்ப பட்டியல்ல ஒரு வரி சேர்த்தா என்ன?"

"அது நம்ம பட்டியல் இல்ல. பட்டறைகள்கிட்ட யார் யார் வேலை செய்யுறாங்கன்னு கேட்டோம், சம்பளப் பட்டியலை அனுப்பினாங்க. அதையே வேலைப் பட்டியலா போட்டுட்டாங்க." அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் எழுதிப் போட்டேன். அடுத்த சுற்றுல பரிசீலிக்கிறோம்னு பதில் வந்துது."

"அடுத்த சுற்று எப்போ?"

அதற்கு அவர் தண்ணீரை என் பக்கம் நகர்த்தினார்.

என்னோடு வேலை செய்யும் ஒருவனுக்கு ரேடியோ என்று பெயர். வாய் மூடாது. அவன் பின்னாலிருந்து, "ஏய், மெருகேற்றுபவர்னு போட்டுட்டு வேலையைப் பாரேன். துணிக்கு மெருகேத்துறாங்கதானே? பொய்யும் இல்ல," என்றான்.

அதையும் செய்து பார்த்தேன். மெருகேற்றுபவர் என்றதும் பணியாளர் எண் கேட்டது. அக்காவுக்கு அது இல்லை. அவள் கணவரின் எண்ணைப் போட்டேன். 'இந்த நபர் ஏற்கெனவே பதிவு செய்யப்பட்டுள்ளார்' என்றது.

"புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஒரே ஆளுன்னு சொல்லிடுச்சு பாரு," என்றான் ரேடியோ. "எந்தச் சாமியாரும் இவ்வளவு தெளிவா சொன்னதில்ல." யாரும் சிரிக்காததால் அவனும் அமைதியானான். பிறகு, "ஆளைக் கூட்டிக்கிட்டு நேரா வண்டிகிட்டயே போ. மனுஷங்க மனசு வெச்சா நடக்கும்," என்றான். அன்று முழுக்க அவன் சொன்னவற்றில் உருப்படியானது அது ஒன்றுதான்.

திரும்பிப் போகும்போது குடியிருப்பின் பின்பக்கமாக நடந்தேன். வார இறுதி. எல்லா மாடிகளிலும் பால்கனிக் கதவுகள் திறந்திருந்தன. ஒரு பெண் சட்டையைத் தோளைப் பிடித்து உதறினாள். பட்டென்ற சத்தம் ஒரு கணம் தாமதித்து என்னிடம் வந்தது. பிறகு வேறொரு மாடியில் பட். பிறகு எதிர்க் கட்டடத்தில். சாய்ந்த வெயிலில் அந்தத் தூள் பொன்னாக மிதந்து, மெதுவாக, ஒரு பால்கனியிலிருந்து அடுத்த பால்கனிக்கு இறங்கியது. வேறு நாளாக இருந்தால், அழகாக இருக்கிறது என்று நின்று பார்த்திருப்பேன்.

வீட்டில் அக்கா பின்பக்கம் இருந்தாள். கண்ணாடி அண்ணன்தான் கதவைத் திறந்தார். அவரிடம் சொல்வதா என்று தயங்கினேன். சொல்லாமல் அவளை நாளை வண்டிக்கு அழைத்துப் போக முடியாது. அவள் உட்கார்ந்து படியேறுவதைத் தவிர்த்து, மற்றதைச் சொன்னேன். தூள் எங்கே பறக்கிறதோ அங்கே நிற்கிறவருக்குத்தான் அது போகும் என்றேன்.

அவர் பால்கனிக்குப் போனார். அங்கிருந்து பட்டென்று வந்துகொண்டிருந்த சத்தம் நின்றது.

"குடு அதை."

"என்னங்க, பாதியில? இன்னும் வெள்ளை நிக்கலை."

"குடுடி."

"காலையில வாசல்ல திருப்பி அனுப்பினான்னா?"

"அனுப்பட்டும்." கொஞ்சம் கழித்து, "நீ ஏன் என்கிட்ட சொல்லல?" என்றார்.

"என்னத்தைச் சொல்ல? இருமுறேன்னு தினம் உங்க காதுலதானே விழுது."

அவர் வெளியே வந்தபோது சட்டையைக் குழந்தையைப் போல இரண்டு கைகளிலும் ஏந்தியிருந்தார். எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். "நாளைக்கு ரெண்டு பேரும் வர்றோம்மா," என்றார் என்னிடம்.

வண்டி பட்டறை வாசலுக்கு எதிரே நின்றிருந்தது. ஜன்னல் இல்லாத வெள்ளைப் பேருந்து. பக்கவாட்டில் இரும்புப் படி. வெயில் ஏறுவதற்குள்ளேயே வரிசை நீண்டிருந்தது, எல்லாம் ஆண்கள். அக்கா வெளுத்து மடிப்புக் கலையாத உடையில், தலையைப் படிய வாரிக்கொண்டு வந்திருந்தாள். வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் அவள் துவைத்த சட்டையைப் போட்டிருந்தார்கள். "என்ன அண்ணி, அண்ணனுக்குத் துணைக்கு வந்தீங்களா, பயப்படுவாருன்னு?" என்று மேல் மாடிப் பையன்களில் ஒருவன் கேட்டான்.

"ஆமா, படத்துல சிரிக்கச் சொல்லிக் குடுக்க வந்தேன்," என்றாள்.

படம் எடுப்பவர் நரைத்த தலையோடு படியின் மேல் நின்று எண்களைக் கூப்பிட்டார். கண்ணாடி அண்ணனின் எண் வந்தது. அண்ணன் சீட்டை அக்காவின் கையில் வைத்து, அவளைத் தனக்கு முன்னால் படியில் ஏற்றினார்.

படம் எடுப்பவர் சீட்டைப் பார்த்தார், பிறகு அவளை. "மெருகேற்றுபவர், ஆண்னு வருது. இது யாரு?"

"என் வீட்டுக்காரி. எனக்குப் பதிலா அவளை எடுங்க. எனக்கு வேணாம்."

"அதெப்படிங்க? உங்க பேருல அவங்க நெஞ்சைப் போட முடியுமா? நாளைக்கு ஒண்ணுன்னா உங்களுக்குல்ல மருந்து வரும்?"

நான் முன்னால் போய் எல்லாவற்றையும் சொன்னேன். குழாயில் இறுகிய கல், பால்கனி, எதிர்வீட்டு அக்கா, தலைமை அலுவலகம், தொடர்பற்றவை. அவர் குறுக்கிடாமல் கேட்டார். உள்ளே திரும்பித் தன் இயந்திரத்தைப் பார்த்தார்.

"புரியுதும்மா. ஆனா எண் இல்லாம இது படத்தை ஏத்துக்காது. திரையில ஒரு நிமிஷம் தெரியும், எண்ணைப் போடலன்னா தானா அழிஞ்சிடும். அழிஞ்ச படத்தை வெச்சு நான் என்ன எழுதிக் குடுக்க?"

வரிசையில் யாரோ பின்னாலிருந்து, சீக்கிரம், ஷிஃப்ட் ஆரம்பிச்சிடும் என்றார்கள். மேல் மாடிப் பையன் திரும்பி அவரை முறைத்தான். அண்ணன் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்தார்.

அக்கா இறங்கவில்லை. ஏறிய இரண்டு படிகளுக்கே அவளுக்கு மூச்சு வாங்கியது. அது அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு கையிலிருந்த சீட்டைக் கணவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, படம் எடுப்பவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அழிஞ்சா அழியட்டுங்க ஐயா. என்னை எங்கயும் எழுத வேணாம். நான் அந்த மெஷின் முன்னால வந்து நிக்கிறேன், அது தெரியுற நேரத்துல நீங்க உள்ள பாத்துட்டு, இருக்கா இல்லையான்னு வாயால எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. சொல்றீங்களா?"